கத்தரிக்காய்: உண்பாரும் ஒதுக்குவாரும்

காய்கறிகளுள் நண்பரையும் பகைவரையும் ஒருங்கே பெற்றிருப்பது கத்தரிக்காய். பாகற்காயைக் கண்டு முகஞ் சுளிப்பார் பலர். வெண்டைக்காயின் வழுவழுப்பை வெறுப்பாரும் உளர். எனினும் அவற்றை உண்பது தகுமா, தகாதா என்று ஏடுகளைப் புரட்டி வழக்காடுவார் எவருமிலர். கத்தரிக்காயோ சமயவாதிகளின் மன்றத்தும், மருத்துவர் மன்றத்தும், இறுதியில் அரசாங்கத்தின் மன்றத்தும் ஏறி நின்று வழக்குக் கண்டது. இத்தனை வழக்குக்கும் பின்னர், நம் மாதுங்காக் கடைத்தெருவில் காலை எட்டு மணிக்குள் முதலில் விலைபோவதும் அதுவே!

ஊரிலிருந்த நாளில் இவ்வழக்கு நமக்குத் தெரிந்திலது. எண்ணெய்க் கத்தரிக்காய் இல்லாத திருமண விருந்தை விருந்தென்றே கொள்ளாத நாட்டினின்றும் வந்தவர் நாம். வந்து குடியேறிய இடத்திலோ ஒரே மாடியில் இப்புறம் மராத்தியர், அப்புறம் குஜராத்தி ஜைனர், எதிரில் வங்காளியர் என்று வாழ்கின்றோம். கிண்ணங்கள் கதவுக்குக் கதவு போய்வருகின்றன. எந்தக் கிண்ணம் வெறுமையாய்த் திரும்பும், எந்தக் கிண்ணம் போனபடியே திரும்பும் என்பதறிய, அவரவர் வழக்கத்தைச் சற்றே அறிந்திருத்தல் வேண்டும். அறியாமையால் மனத்தாங்கல் விளைதலும் உண்டு.

மும்பைப் புறநகரில் நம் அன்பர் ஒருவர் இல்லத்தில் ஆவணி மாதம் ஒரு திருமணம் நடந்தது. பக்கத்து வீட்டு மராத்தியக் குடும்பத்தார் எண்மர் வந்திருந்தனர். இலையிலே பரிமாறியவற்றையெல்லாம் உவந்து உண்டவர்கள், எண்ணெய்க் கத்தரிக்காயை மட்டும் விரலாலும் தீண்டவில்லை. எட்டு இலையிலும் அது வைத்தது வைத்தபடி இருந்தது. சம்பந்தி வீட்டுப் பெண்டிர் அதைக் கண்டு தமக்குள் ஏதோ முணுமுணுத்தனர். மணப்பெண்ணின் தாயார் மனம் பொறாமல், "ஏன் காக்கூ, எங்கள் சமையல் பிடிக்கவில்லையா?" என்று தமக்குத் தெரிந்த மராத்தியில் கேட்டேவிட்டார். அந்த அம்மையார் நகைத்து, "அப்படியில்லை அம்மா, இது சாதுர்மாசமாயிற்றே! கார்த்திகை கழியட்டும், இதே கறியை ஒரு சட்டி நிறையக் கொண்டு வாருங்கள்" என்றாராம். கேட்டிராவிடில் அந்த எட்டு இலைகளும் பல ஆண்டுகள் பேசப்பட்டிருக்கும்.

சாதுர்மாசம் என்பது ஆஷாட மாத வளர்பிறை ஏகாதசி தொடங்கிக் கார்த்திக மாத வளர்பிறை ஏகாதசி வரை நான்கு திங்கள். திருமால் துயில்கொள்ளும் காலமாகக் கருதப்படுவது. மராத்தியக் குடும்பங்கள் பலவற்றில் இக்காலத்தே வெங்காயம், பூண்டு, கத்தரிக்காய் மூன்றையும் விலக்குவர். விலக்குவதற்கு முன் அவற்றை ஆசை தீர உண்பதற்கும் ஒரு நாள் வைத்திருக்கின்றனர் என்பதுதான் நமக்கு மிகவும் பிடித்த செய்தி. ஏகாதசிக்கு இரண்டு நாள் முன்னதாகிய நவமிக்குக் 'காந்தே நவமி' என்று பெயர்; வெங்காய நவமி என்று பொருள். அன்று வீட்டிலுள்ள வெங்காயமும் கத்தரிக்காயும் பலவிதக் கறிகளாய்த் தீர்க்கப்படும். நோன்பு தொடங்குமுன் நாவுக்கு விடைகொடுத்து அனுப்பும் இந்த நாகரிகம் பாராட்டத்தக்கதன்றோ?

நோன்பு முடிவதும் அவ்வாறே அழகாய் முடிகின்றது. கத்தரிக்காயைப் பொறுத்தவரை மராத்தியருட் பலர் கார்த்திக ஏகாதசியோடு விடாமல், மார்கசீரிட வளர்பிறைச் சஷ்டி வரை காத்திருப்பர். சம்பா சஷ்டி என்னும் அந்நாள் ஜேஜூரியில் எழுந்தருளியுள்ள கண்டோபாவுக்கு உரியது. அன்று கம்பு மாவிற் செய்த ரொட்டியும், சுட்டுப் பிசைந்த கத்தரிக்காயாகிய பரீத்தும் கண்டோபாவுக்குப் படைக்கப்படும். தெய்வம் உண்ட பின்னரே குடும்பத்தார் உண்பர். நான்கு மாதம் தீண்டத்தகாததாய் இருந்த காய், ஐந்தாம் மாதத்தில் படையலாகின்றது! ஆகவே மராத்தியர் கத்தரிக்காயை வெறுப்பவர் என்று எண்ணுவது பெரும்பிழை. கத்தரிக்காய்க்குப் பருவம் வகுத்தவர் அவர். மழைக்காலத்தில் புழுப் பெருகும், செரிமானம் குன்றும் என்று இதற்குக் காரணம் கூறுவாரும் உளர்.

ஜைனர் நிலை வேறு. அவர்க்கு இது பருவத்தைப் பற்றிய விலக்கன்று. சுவேதாம்பரர் உண்ணத்தகாதனவென்று வகுத்த இருபத்திரண்டனுள் கத்தரிக்காயும் ஒன்று. வித்துகள் மிகப் பலவாய் நெருங்கியிருத்தலின், ஒரு காயை உண்பது எண்ணிறந்த உயிர்களுக்கு ஊறு விளைப்பதாகும் என்பது அவர் கருத்து. காம்பின் குல்லாய்க்குள் நுண்ணுயிர் தங்கும் என்றும், உறக்கத்தையும் வேட்கையையும் வளர்ப்பது என்றும் கூடுதற் காரணங்கள் சொல்வர். கிழங்கு வகைகளை ஜைனர் உண்ணார் என்பதை நம்மவர் பெரும்பாலும் அறிவர். கத்தரிக்காயும் அப்பட்டியலில் உண்டென்பதை அறியாமல் வாங்கிபாத்தைக் கிண்ணத்தில் இட்டு அனுப்பிவிடுகின்றனர். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வைத்தல் நலம். பகிர்ந்துண்ணும் குழந்தை, தோழி ஏன் தன் டப்பாவைத் தள்ளி வைத்தாள் என்று கலங்கி வீடு திரும்புவதை நாம் கண்டிருக்கின்றோம்.

வங்காளியர் திதி பார்த்து ஒதுக்குவர். அவர்தம் பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு திதிக்கும் ஒவ்வோர் உணவு விலக்கப்பட்டிருக்கும்; பிரதமையில் பூசணி, திரயோதசியில் கத்தரிக்காய். இக்காலத்தில் அதைப் பார்த்து அடுப்பேற்றுவார் சிலரே. வங்காள மொழியில் கத்தரிக்காய்க்குப் பெயர் 'பேகுன்'. அப்பெயரையே பிரித்துக் 'குணமற்றது' என்று சிலேடையாய்ப் பழிப்பதும் அவர் வழக்கம். பழித்த வாயாலேயே, மழை பெய்யும் நாளில் கிச்சுடிக்குத் துணையாய் வட்டமாய் அரிந்து பொரித்த பேகுன் பாஜா வேண்டுமென்பர். வங்காளியரோடு பழகியவர் இதை வியவார்.

இனி உடுப்பிக்குச் செல்வோம். மாத்வர் சாதுர்மாசத்தின் முதல் மாதத்திலே காய்கறிகள் அனைத்தையுமே விலக்கும் கடுநோன்பினர். ஆயினும் உடுப்பிக்கு அருகே மட்டு என்னும் சிற்றூரில் விளையும் இளம்பச்சை நிற உருண்டைக் கத்தரிக்காய், கிருஷ்ணன் கோயிலுக்கே உரிய காயாய்ப் போற்றப்படுகின்றது. 'மட்டு குள்ளா' என்பது அதன் பெயர். 16 ஆம் நூற்றாண்டில் விளங்கிய சோதே மடத்து வாதிராஜர் அவ்வூரார்க்கு இதன் விதையை அளித்தார் என்றும், நஞ்சு கலந்த நிவேதனத்தை ஏற்ற இறைவன் திருமேனியில் படர்ந்த நீலம் இக்காயின் கறியைப் படைத்தபின் நீங்கிற்று என்றும் அங்கே கதை வழங்கும். முதல் விளைச்சல் கோயிலுக்கே செல்லும். இரண்டாண்டுக்கு ஒருமுறை தை மாதம் நிகழும் பர்யாய விழாவுக்கும் ஊரார் இதைக் காணிக்கையாய்க் கொண்டு செல்வர். 2011 இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஓரிடத்தே நஞ்சு போல் விலக்கப்படுங் காய், பிறிதோரிடத்தே நஞ்சை முறித்த காயாய் நிற்கின்றது!

நம் நாட்டிலும் சிதம்பரத்துக் கூத்தப்பெருமானுக்குச் சம்பாச் சோற்றோடு கத்தரிக்காய்க் கொத்சு படைக்கும் வழக்கமுண்டு. அதே நாட்டில், திதி நாட்சமையலில் கத்தரிக்காயைச் சேர்க்காத குடும்பங்களும் உள. ஆகவே பிறர் வழக்கத்தைக் கண்டு நகைப்பதற்கு நமக்கு இடமில்லை.

பெயர்களின் கதையும் சுவையானது. கத்தரிக்காய்க்குப் பழந்தமிழில் வழுதுணை என்று பெயர். ஔவையார் பாடியதாக வழங்கும் தனிப்பாடலொன்றில் வழுதுணங்காயே பேசப்படுகின்றது. நாம் அப்பெயரை மறந்தோம். மலையாளிகள் மறவாமல் வழுதனங்ங என்றே இன்றும் வழங்குகின்றனர். மராத்தியில் வாங்கி. இச்சொல்லை நாம் புனேயிலும் மும்பையிலும் வந்து கற்றதாக எண்ணுகின்றோம். உண்மையில் தஞ்சைச் சமையலறையில் 'ரசவாங்கி' என்னும் பெயரில் அது நெடுநாள் முன்னரே குடிபுகுந்துவிட்டது. 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1855 வரை தஞ்சையில் அரசு வீற்றிருந்த மராத்தியர் விட்டுச்சென்ற சொல் அது. அவர் நம் நாட்டுக்கு வந்து சொல்லைத் தந்தனர்; நாம் அவர் நாட்டுக்கு வந்து காயை வாங்குகின்றோம். ஆங்கிலேயர் இந்தியாவில் வழங்கிய பிரிஞ்சால் என்னும் பெயரோ, அரபு மொழியினின்றும் போர்த்துகேசிய மொழிக்குச் சென்று, கப்பலேறி மீண்டும் இங்கு வந்து சேர்ந்தது. காய் மட்டும் தொன்றுதொட்டு இந்நாட்டிலேயே இருந்தது. அரியானாவில் பர்மானா என்னுமிடத்துச் சிந்துவெளிக் காலக் கலங்களில் ஒட்டியிருந்த மாவுத்துகள்களை ஆராய்ந்தோர், கத்தரிக்காயும் இஞ்சியும் மஞ்சளும் சேர்ந்து வெந்த தடயத்தைக் கண்டனர். நாலாயிரம் ஆண்டுக்கு முந்திய கறி!

மேனாட்டார் இதை அஞ்சியே அணுகினர். இத்தாலியர் இதற்கிட்ட பெயரைப் 'பித்தேற்றும் ஆப்பிள்' என்று பொருள்கொண்டு, உண்டால் மதி கலங்கும் என்று பலர் நெடுநாள் நம்பினர். செடிகட்கெல்லாம் பெயர் வகுத்த லின்னேயஸ் கூட 1767 இல் இவ்வினத்தைச் சார்ந்த ஒன்றுக்கு 'இன்சானம்', அதாவது பித்துடையது, என்று பெயரிட்டார். நம்மை ஆண்டவர்க்கு நம் கறியைக் கண்டு இத்தனை அச்சம் இருந்ததென்று அறிய நமக்குச் சிறிது மகிழ்ச்சியே.

மருத்துவர் கூறுவதற்கு வருவோம். உண்பார்க்கும் ஒதுக்குவார்க்கும் இடையில் மெய்யான நன்மை தீமை நிற்பது இங்குத்தான். நம் சித்த மருத்துவர் கரப்பான், சிரங்கு, அரிப்பு உடையார்க்கு முற்றிய கத்தரிக்காயை விலக்குவர்; கத்தரிப் பிஞ்சையோ பத்திய உணவிலேயே சேர்ப்பர். 16 ஆம் நூற்றாண்டின் ஆயுர்வேத நூலாகிய பாவப்பிரகாசமும் ஏறத்தாழ இதையே கூறுகின்றது: இளங்காய் கபத்தையும் பித்தத்தையும் தணிக்கும், முற்றியது பித்தத்தைப் பெருக்கும் என்பது அதன் முடிவு. கோழிமுட்டை போன்ற வெள்ளைக் கத்தரிக்காய் குணத்திற் குறைந்ததெனினும் மூலநோய்க்கு ஏற்றது என்றும் அந்நூல் சொல்லும். கடையில் பொறுக்கும்போது நகத்தால் கீறி, விதை கறுத்ததா என்று பார்க்கும் நம் பாட்டியர், நூல் படியாமலே இம்மருத்துவத்தைக் கைக்கொண்டவர். கடைக்காரன் முணுமுணுப்பதை அவர்கள் பொருட்படுத்தியதில்லை.

இக்கால ஆராய்ச்சியும் பழையோர் கூற்றை முற்றிலும் தள்ளவில்லை. மைசூரில் 741 பேரை ஆராய்ந்து 2008 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில் கத்தரிக்காய் ஒவ்வாத தன்மை காணப்பட்டது. அவருள் பெண்டிரே மிகுதி. எனினும் உடலின் எதிர்ப்புப் பொருளால் விளையும் உண்மையான ஒவ்வாமை நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவரிடமே இருக்கக்கூடும் என்று அவ்வாய்வாளர் கணித்தனர். ஏனையோர்க்கு நேர்வது, காயிலுள்ள வேறு பொருள்களால் எழும் நமைச்சல்.

இதை நாம் விரித்துரைப்பதற்குக் காரணமுண்டு. நம் வீடுகளில் குழந்தைகள் கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவது எங்கும் காணும் காட்சி. அவற்றுள் பெரும்பாலானவை சலுகைப் பிள்ளைகளின் பிடிவாதமே. ஆனால், "அம்மா, நாக்கு அரிக்கிறது" என்று ஒரு குழந்தை சொல்லுமாயின் அது பிடிவாதமாகாது. வாய் நமைத்தல், உதடு தடித்தல், உடலில் தடிப்புக் காணல், மூச்சு இளைத்தல் இவை தோன்றினால், "தின்று பழகினால் சரியாகிவிடும்" என்று ஊட்டுவது கொடுமையினும் கொடுமை. மூச்சிளைப்புக் கண்டால் ஒரு நொடியும் தாழ்க்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மருமகளாய் வந்த பெண் சொல்லும்போதும் இதே நீதிதான். தாய்வீட்டில் செல்லமாய் வளர்ந்ததனால் சொல்கிறாள் என்று மாமியார் கருதி, குழம்பிலே கரைத்து ஊற்றிய செய்தி ஒன்று நம் காதுக்கு எட்டியது. அந்தப் பெண் இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து மீண்டாள். மைசூர் ஆய்வு பெண்டிரே மிகுதி என்று கூறியதை அம்மாமியார்கள் அறிதல் வேண்டும்.

மற்றொரு புறம், காரணமற்ற அச்சத்தைப் பரப்புவாரும் உளர். புகையிலையும் கத்தரியும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஆதலின் கத்தரிக்காயில் நிகோட்டின் உண்டு என்று சிலர் எச்சரிக்கின்றனர். உண்டு என்பது மெய்யே. நூறு கிராமில் ஒரு மில்லிகிராமின் நூற்றில் ஒரு பங்கு. ஒரு சிகரெட்டுப் புகைத்தால் உடலிற் சேருமளவைப் பெறுவதற்கு ஏறத்தாழப் பத்துக் கிலோ கத்தரிக்காயை ஒரே அமர்வில் உண்ண வேண்டும். அத்தகைய வயிறுடையார் நம் உறுப்பினருள் இருப்பதாகத் தெரியவில்லை. உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாயும் கூட அக்குடும்பத்தனவே என்பதையும் எச்சரிப்போர் மறந்துவிடுகின்றனர். காயின் தொண்ணூற்றிரண்டு விழுக்காடு நீர்; நூறு கிராமுக்கு இருபத்தைந்து கலோரி அளவே. கொழுப்பு என்று பழிக்கப்படுவது காயிலில்லை. பஞ்சு போன்ற அதன் சதை குடிக்கும் எண்ணெயில் இருக்கின்றது.

அரசாங்க மன்றத்தில் நடந்த வழக்கைச் சுருங்கக் கூறுவோம். தண்டையும் காயையும் துளைக்கும் புழு கத்தரிப் பயிரின் பெரும்பகை. அதற்கஞ்சி உழவர் மீண்டும் மீண்டும் மருந்தடிப்பதாலேயே கத்தரிக்காயை ஒதுக்குவோர் இன்று பலர். அப்புழுவைத் தானே கொல்லுமாறு மரபணு மாற்றிய கத்தரியை மகிகோ நிறுவனம் உருவாக்கியது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் அம்முயற்சியில் பங்குகொண்டன. 2009 அக்டோபரில் ஒப்புதற் குழு இசைவளித்தது. எதிர்ப்பு எழவே, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று அதனை நிறுத்திவைத்தார். கத்தரி இந்நாட்டுக்கே உரிய பயிர், பல்வகை விதைகளின் பிறப்பிடம், ஆதலின் அவசரம் வேண்டாம் என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அண்டை நாடாகிய வங்காளதேசமோ 2013 இல் இசைந்து, அடுத்த ஆண்டு சனவரியில் இருபது உழவர்க்கு நாற்று வழங்கியது. இரு நாட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். வேலிக்கு இப்பால் ஐயம், அப்பால் அறுவடை. மருந்து குறைந்தால் உழவர்க்கு நலம் என்ற வாதமும் மெய். ஒருமுறை கலந்த விதையைப் பிரித்தெடுத்தல் அரிது என்ற வாதமும் மெய். நாம் இரண்டாவதன் பக்கமே சாய்கின்றோம். வேலூர் முள்ளுக்கத்தரி 2023 இல் தான் புவிசார் குறியீடு பெற்றது. அத்தகைய நாட்டு விதைகளைக் காத்த பின்னர்ப் புதியதைப் பேசலாம்.

வடநாட்டில் வழங்கும் பீர்பல் கதையை நம் குழந்தைகள் பள்ளியில் கேட்டு வந்து சொல்லியிருப்பர். அரசர் கத்தரிக்காயைப் புகழ்ந்தபோது, ஆண்டவனே அதன் தலையில் முடிசூட்டினான் என்று பீர்பலும் புகழ்ந்தார். பின்னொரு நாள் அரசர் வெறுத்தபோது பீர்பலும் இகழ்ந்தார். ஏனென்று கேட்க, தாம் அரசரின் ஊழியரேயன்றிக் கத்தரிக்காயின் ஊழியரல்லர் என்றாராம். கருத்தில் நிலையின்றிச் சாய்ந்த பக்கம் உருள்பவனைத் 'தட்டிலுள்ள கத்தரிக்காய்' என்று இந்தியில் வைவதும் உண்டு. பாவம், உருளுவது தட்டின் குற்றமேயன்றிக் காயின் குற்றமாகுமா?

பொங்கல் விருந்து வருகின்றது. கத்தரிக்காய் வைப்பதா, வேண்டாவா என்று உறுப்பினர் சிலர் இப்போதே கேட்கத் தொடங்கியுள்ளனர். தை மாதத்தில் மராத்தியர்க்கு விலக்கில்லை. விலக்கின்மை மட்டுமோ? நம் போகியன்று அவர்க்கும் போகி. எள்ளும் கத்தரிக்காயும் அவரையும் கேரட்டும் பச்சைக் கடலையும் சேர்த்துச் செய்யும் 'போகீசீ பாஜி'யை எள் தூவிய கம்பு ரொட்டியோடு உண்பர். நம் பொங்கற் குழம்பில் பல காய் சேர்ப்பதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைச் சொல்லவும் வேண்டுமோ! ஆகவே எண்ணெய்க் கத்தரிக்காய் இருக்கட்டும். ஜைன அன்பர்க்கெனத் தனி வரிசையில், கத்தரிக்காயும் கிழங்கும் கலவாத கூட்டும், அதற்கெனத் தனிக் கரண்டியும் இருக்கட்டும். சாம்பாரில் கத்தரிக்காய் போடவே வேண்டாம். கறியாய் இருந்தால் ஒதுக்குவார் ஒதுக்கிக்கொள்வர், குழம்பில் கரைந்தபின் ஒதுக்குவது எங்ஙனம்? ஒவ்வாமை உடைய குழந்தைகளின் பெற்றோரும் பந்திக்கு முன்பே பரிமாறுவோரிடம் சொல்லிவிடுதல் நன்று.

சமையற் பொறுப்பேற்றுள்ள இல்லத்தரசியர்க்கு ஒரு சொல். அரிந்த காய் கறுப்பது காற்றுப்படுவதால், கெட்டுப்போனதால் அன்று. அரிந்தவுடன் நீரிலோ நீர்த்த மோரிலோ இட்டு வைத்தால் நிறம் மாறாது. இருநூறு இலைக்கு வேண்டிய காயைப் போகிக்கு முன்னாளே வாங்கிவிடுவது நலம். போகியன்று காலையில் மராத்தியரும் நாமும் ஒரே கூடைக்குக் கை நீட்ட, விலை ஏறிவிடும். பரீத்துக்கென்று வரும் ஜல்காவ் பச்சைக் காய் பெரிது, விதை குறைவு, சுடுவதற்கே ஏற்றது. எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அது உதவாது. காம்பு பசுமையாய், முள் நிமிர்ந்து, கைக்குக் கனமின்றி இருக்கும் சிறு காயாகப் பார்த்துப் பொறுக்குக.